கைகொடுக்க வைத்தால் முடிந்துவிடுமா?

டீச்சரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் தரம் 8 படிக்கிறார். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைப் பாடசாலை ஒன்றுக்குப் போய்வருகிறார். நாங்கள் மேற்குக் கரையான படுவான்கரை ஆட்கள் என்பதால் வகுப்பில் மூன்று நான்கு பேர் சேர்ந்து "படுவான்கரை மாடு" என்று கூப்பிடுகிறார்களாம். சப்பாத்தை ஒளிப்பது, சாப்பாட்டுப் பெட்டிக்குள் மண் போடுவது என்று தொடர்கிறது. போன தவணை முறையிட்டோம். பகுதித் தலைவர் எல்லாரையும் கூப்பிட்டு, என் மகன் உட்பட ஆளுக்கு இரண்டு அடி போட்டு, கைகொடுக்க வைத்து அனுப்பிவிட்டார். இப்போது வகுப்பில் ஒன்றும் இல்லை, பஸ் தரிப்பில் நடக்கிறது. பாடசாலையை மாற்றிவிடலாமா டீச்சர்?
- ஒரு தாய், கொக்கட்டிச்சோலை

பதில்: மாற்றுகிற யோசனையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் தங்கச்சி. தப்புச் செய்தவர்கள் அங்கேயே இருக்க, உங்கள் பிள்ளை ஏன் வெளியேற வேண்டும்?

இரண்டு பெடியன்கள் கிரிக்கெட் மட்டைக்குச் சண்டை பிடித்தால் இருவரையும் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் கேட்டு, கைகொடுக்க வைக்கலாம். அது சண்டை. உங்கள் மகனுக்கு நடப்பது சண்டையே இல்லை, துன்புறுத்தல் (புல்லியிங்). டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் 1970களில் தொடங்கி இந்த விஷயத்தையே ஆராய்ந்தவர். வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாத ஒருவருக்குச் செய்வது என்று மூன்று அடையாளங்களைச் சொன்னார். நீங்கள் எழுதியதில் மூன்றும் இருக்கின்றன. இதற்குப் போய் சமாதானம் பேசினால் பாதிக் குற்றத்தைப் பாதிக்கப்பட்ட பிள்ளையின் தலையில் கட்டியதாக ஆகும். அடியும் சேர்ந்து விழுந்திருக்கிறது, கேட்கவே வேண்டாம்.

அந்தக் கைகொடுப்பைப் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறீர்களா? நான் பிரதி அதிபராக இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். கையைப் பிடிக்கும்போதே விரல்களை நெரிப்பான். வாய் அசையாமல் "வெளியில வா, பாப்பம்" என்பான். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆசிரியருக்கு இரண்டு சிரித்த முகங்கள் மட்டும்தான் தெரியும்.

பாடசாலை முதலில் உங்கள் மகனைத் தனியாகக் கேட்க வேண்டும். மற்றவர்களை ஒவ்வொருவராக, ஒருவரையொருவர் சந்தித்துப் பேசிவைக்க நேரம் கொடுக்காமல் கேட்க வேண்டும். "இவன்தான் சொன்னான்" என்ற வார்த்தை எந்த ஆசிரியரின் வாயிலிருந்தும் வரக்கூடாது. என்றைக்கு, எந்த இடத்தில், யார் யார் பார்த்தார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரையும் தனித்தனியாகக் கூப்பிட வேண்டும். அப்புறம்தான் பெரும்பாலும் விட்டுப்போகிற வேலை வருகிறது. அடுத்த கிழமை மகனைக் கூப்பிட்டு "இப்ப எப்படி?" என்று கேட்பது. அதற்கடுத்த கிழமையும் கேட்பது.

வகுப்பில் மிச்சமிருக்கும் பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். மாடு என்று ஒருவன் கத்தினால் அது அவனோடு போய்விடும், சிரிக்க இருபது பேர் இருப்பதால்தான் அவன் மறுபடி கத்துகிறான். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய, பாடசாலைத் துன்புறுத்தலைத் தடுக்கும் 'கீவா' திட்டம், பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை வைத்தே வேலை செய்கிறது. இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. வகுப்பாசிரியர் ஒரு பாடவேளையை ஒதுக்கினால் தொடங்கலாம்.

இடங்களையும் பார்க்க வேண்டும். ஒருமுறை பிள்ளைகளிடம் பாடசாலையின் வரைபடத்தைக் கீறச் சொல்லி, போகப் பயமான இடத்துக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடச் சொன்னேன். பெயர் எழுதத் தேவையில்லை என்றேன். ஆசிரியர் அறையில் எல்லாரும் மைதானம் என்றுதான் ஊகித்திருந்தார்கள். வட்டங்கள் விழுந்தது மலசலகூடத்தின் பின்பக்கத்திலும் சைக்கிள் கொட்டிலிலும். இடைவேளைத் தேநீரை அங்கே நின்று குடிக்கத் தொடங்கினோம். அவ்வளவுதான் செய்தோம், முறைப்பாடுகள் குறைந்தன.

உங்கள் மகன் வீட்டுக்கு வந்ததும் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் கக்கூசுக்கு ஓடுகிறாரா என்று கவனியுங்கள். ஓடினால், பாடசாலையில் அந்தப் பக்கம் போகாமல் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் அதிபருக்குச் சொல்லுங்கள்.

பஸ் தரிப்பு விஷயத்தில் "கேற்றுக்கு வெளியே எங்கள் பொறுப்பில்லை" என்று பதில் வரும். விடாதீர்கள். அதே பிள்ளைகள், அதே சீருடை, வகுப்பில் தொடங்கிய அதே கதை. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் பஸ் வரும்வரை ஓர் ஆசிரியர் அங்கே நிற்க முடியாதா? மண்முனையில் வாவியைக் கடக்கும் பாதைக்காக (மிதவைப் படகுக்காக) காத்துக்கிடந்த காலம் 2014இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. படுவான்கரைப் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் வருவார்கள், பாடசாலைகள் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி வாயால் முறையிட வேண்டாம். அதிபருக்குத் திகதியிட்ட கடிதம் ஒன்று கொடுங்கள், பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அதே பிரதியோடு வலயக் கல்விப் பணிப்பாளரிடம் போங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவரையும் சந்திக்கலாம். இவ்வளவும் செய்து ஒரு தவணைக்குள் ஒன்றும் மாறாவிட்டால் பாடசாலையை மாற்றுவதைப் பற்றி மகனோடு இருந்து பேசுங்கள். அவரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: பிரம்பைத் தொடாதே என்றால் இந்தப் பெடியன்களை எப்படி அடக்குவது? அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்?
- ஓர் ஆசிரியர், திருக்கோவில்

பதில்: தம்பி, கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உங்கள் அதிபரின் கோவையில் இருக்கும், ஒருமுறை வாங்கி வாசியுங்கள். பாடசாலையில் அடிப்பதற்கு அதில் இடமில்லை.

சுற்றறிக்கையை விடுங்கள். அடி வாங்கியவன் இடைவேளையில் தழும்பைக் காட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்ததில்லையா? அடியோடு கணக்குத் தீர்ந்தது என்று அவனும் நினைப்பான், வகுப்பும் நினைக்கும். அவனுக்கு உறைப்பது வேறு. மண் போட்ட சாப்பாட்டுப் பெட்டியை அவனே கழுவி, அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்குத் தன் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரட்டும். ஒரு கிழமைக்கு இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் இருக்கட்டும். மாணவத் தலைவனாக இருந்தால் சின்னத்தைக் கழற்றி வையுங்கள். நான் பார்த்தவரை சின்னப் பிள்ளைகளை அதிகம் மிரட்டுவது அந்தச் சின்னம்தான். அடிப்பதைவிட இதற்கு நேரம் கூடச் செலவாகும், அது உண்மை.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. "டேய் கட்டையா", "கறுவல்" என்று வகுப்பில் முதலில் கூப்பிட்டது யார்? பல பட்டப்பெயர்கள் ஆசிரியரின் வாயில் பிறந்து, பகிடியாக எல்லாரும் சிரித்து, பிறகு மைதானத்துக்குப் போனவை. உங்கள் வகுப்பில் எத்தனை பட்டப்பெயர் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: என் படத்தை அசிங்கமாக மாற்றி வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னால் போனைப் பறித்துவிடுவார். என்ன செய்வது?
- தரம் 10 மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், ஒன்றையும் அழிக்காதே. யார் போட்டது, எத்தனை மணிக்கு என்பது தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை. குரூப்பில் பதில் எழுதாதே. அம்மாவிடம் இன்றைக்கே சொல். போன் போனால் போகட்டும், பிறகு திரும்பி வரும். நேரில் சொல்ல வாய் வரவில்லையென்றால் இந்தப் பக்கத்தை அவருக்கு முன்னால் வை. உன் வகுப்பாசிரியரை நம்ப முடிந்தால் அவரிடமும் சொல். யாரிடமும் முடியாவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது. இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், காசு இல்லை, தமிழில் பேசலாம்.

அம்மாவுக்கும் ஒரு சொல்: போனைப் பறிக்க வேண்டாம், அதில்தான் சாட்சி இருக்கிறது.