புதிய ஸ்பீக்கர் பொருத்திய பிறகு கார் கதவு கடகடப்பது ஏன்?

கோயம்புத்தூரில் முன்கதவுகளுக்கு 6.5 அங்குல ஸ்பீக்கர்களைப் பொருத்தியதிலிருந்து பாஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) ஒலிக்கும்போதெல்லாம் கதவு கடகடக்கிறது, ஸ்பீக்கரில் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் பழுது ஸ்பீக்கரில் இருப்பதில்லை. அதன் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது கதவின் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து அழுத்தப்படுவதால், மெல்லிய தகடு, பூட்டுக் கம்பி, தொங்கும் ஒயர், கிளிப் ஆகியவற்றில் எது தளர்ந்திருக்கிறதோ அது ஓசையெழுப்புகிறது. வண்டியை நிறுத்திவிட்டு, 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியை ஓடவிட்டு, கதவுப் பலகையை அங்கங்கே உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ, அதற்குப் பின்னால்தான் கோளாறு இருக்கும். பொள்ளாச்சிச் சாலையில் ஓட்டிக்கொண்டே தேடுவது வீண், ஏனெனில் டயர் இரைச்சல் பாதியை மறைத்துவிடும்.

பலகையைக் கழற்றியதும் உடைந்த கிளிப்புகளை மாற்றி (ஓரிரண்டு உடைவது வழக்கந்தான்), ஒயர்களை இறுகக் கட்டி, ஸ்பீக்கர் விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையே நுரை வளையம் வையுங்கள். தகட்டின் மேல் பியூட்டைல் ஷீட் (ரப்பர் போன்ற ஒட்டும் விரிப்பு) ஒட்டுவதே அதிர்வைத் தணிக்கும் முக்கிய வேலை. மலிவாகக் கிடைக்கிறதே என்று கூரை ஒழுகலுக்கான தார் ஷீட்டை ஒட்டினால், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அது இளகி நாற்றமெடுக்கும். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள்; மூடினால் துருப்பிடிக்கும்.

அப்படியும் கடகடப்பு மிச்சமிருந்தால் ஸ்டீரியோவில் ஹை பாஸ் ஃபில்டரை (வைத்த அளவுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் வைத்துவிடுங்கள். இந்த அளவு ஸ்பீக்கரிடம் அதற்குக் கீழே அதிகம் எதிர்பார்ப்பது, என் கணிப்பில், பேராசை.