கணக்குத் தொடங்காமல் யூடியூப், ட்விட்டர், ரெடிட் பார்க்கத் திறந்த மூல வழிகள் உண்டா?

உண்டு. யார் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அதைப் பொறுத்துச் செயலி மாறும்.

நான் இருப்பது மொரிஷியஸில், ரோஸ் ஹில் பக்கம். வீட்டில் அதிகம் ஓடுவது யூடியூப்தான். அம்மாவுக்கு முருகன் பாட்டு வேண்டும், தைப்பூசம் நெருங்கினால் காவடி வீடியோ வேண்டும். அவர் ஆண்ட்ராய்டு போனில் நியூபைப் என்ற திறந்த மூல யூடியூப் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கூகுள் கணக்கு கேட்காது, விளம்பரம் வராது, திரையை அணைத்தாலும் பாட்டு நிற்காது. சந்தாப் பட்டியல் போனிலேயே இருக்கும். பிளே ஸ்டோரில் கிடைக்காது, எஃப்-டிராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் கடையில் இறக்க வேண்டும். ஆனால் போன் நேராக யூடியூபிடம்தான் பேசுகிறது. உங்கள் ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண், அவர்களுக்குத் தெரியும்.

அதுவும் தெரியக்கூடாதா? அப்படியென்றால் உலாவியில் திறக்கும் இன்விடியஸ். யாரோ நடத்தும் சர்வர் உங்களுக்காக யூடியூபிடம் வாங்கித் தரும். (வீடியோவும் சர்வர் வழியாகவே வரும்படி அமைப்புகளில் மாற்றுங்கள், இல்லையென்றால் பாதிப் பலன்தான்.) நீங்கள் பார்ப்பது இனி அந்த சர்வர்காரருக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். ரெடிட்டுக்கு ரெட்லிப், ட்விட்டருக்கு நிட்டர், எல்லாம் இதே ரகம். இவற்றை நம்பி உட்கார முடியாது. 2024 ஜனவரியில் நிட்டர் நம்பியிருந்த, உள்நுழையாமல் பார்க்கும் விருந்தினர் கணக்கு வழியை ட்விட்டர் அடைத்ததும் நிட்டர் சர்வர்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. இன்ஸ்டாகிராமுக்கு இருந்த பிப்லியோகிராம் 2022லேயே கைவிடப்பட்டது.

ஃபேஸ்புக்குக்கு உருப்படியான மாற்று எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே கோவில் அறிவிப்புகள் அதில்தான் வருகின்றன, விடவும் முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் ஃபேஸ்புக் கன்டெய்னர் நீட்சியைப் போட்டு, மற்ற தளங்களில் என்னைப் பின்தொடராதபடி அதைத் தனியாக அடைத்து வைத்திருக்கிறேன்.

அரசாங்கத்தை மனதில் வைத்துக் கேட்டால் கதையே வேறு. 2021இல் இங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம், சமூக வலைத்தளத் தரவை இடைமறித்து, பூட்டவிழ்த்துச் சேமிக்கும் யோசனையை முன்வைத்தது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. 2024 நவம்பரில், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, சமூக வலைத்தளங்களையே முடக்க உத்தரவு வந்து மறுநாளே விலக்கப்பட்டது. இந்த மாதிரி விஷயத்தில் நியூபைப்பால் பயனில்லை. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை இணைய இணைப்பு தருபவரிடமிருந்து அது மறைக்காது. அதற்கு, இணைப்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் டோர் உலாவிதான். வீடியோ தவழும், எழுத்துப் பதிவுகள் படிக்கப் போதும்.