கோயிம்ப்ராவில் மலிவு அறை சரிதான், அந்த மூன்றாம் மாடி வேண்டாம்

வாசகி ஒருவரின் கேள்வி: "மே முதல் வாரம் கணவர், நான், 68 வயது அம்மா மூவரும் போர்ச்சுகல் போகிறோம். லிஸ்பனிலிருந்து கோயிம்ப்ரா போய் மூன்று இரவு தங்க ஆசை. பழைய கதீட்ரல் பக்கத்தில் ஒரு சாதாரண விருந்தினர் இல்லத்தில் மூன்று கட்டில் போட்ட அறை பதிவு செய்திருக்கிறேன். மூன்றாம் மாடி. லிஃப்ட் பற்றி ஒன்றும் போடவில்லை. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி, முட்டைகூடச் சேர்க்காத சைவம். நட்சத்திர ஹோட்டலுக்குக் கொட்டிக் கொடுக்க மனசு வரவில்லை. இந்த இடம் போதுமா? பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்கிறார்களே, உண்மையா?"

சாதாரண விருந்தினர் இல்லத்தில் தங்கலாம் என்ற உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். நீங்கள் பிடித்திருக்கும் இல்லம்தான் உங்களுக்கு ஒத்துவராது. அறையில் குறை ஒன்றும் இருக்காது. அது நிற்கிற இடம்தான் சிக்கல், நீங்கள் போகிற வாரமும் சிக்கலாகலாம்.

கோயிம்ப்ரா, மொண்டேகு ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தாக ஏறும் ஊர். குன்றின் உச்சியில் பல்கலைக்கழகம். அதைச் சுற்றிய மேல்பகுதிக்கு அல்டா என்று பெயர். கீழே ஆற்றை ஒட்டிய சமதளக் கடைத்தெருப் பகுதி பைஷா. பழைய கதீட்ரல் இரண்டுக்கும் நடுவில், சரிவில் உட்கார்ந்திருக்கிறது. கடைத்தெருவிலிருந்து அல்மெதினா வளைவுக்குள் நுழைந்து, கெப்ரா கோஷ்டாஷ் படிக்கட்டில் ஏறித்தான் நடந்து போகிறவர்கள் அங்கே போவார்கள். வரைபடத்தில் பார்த்தால் நாலு நிமிட நடை. வரைபடம் ஏற்றத்தைக் காட்டாது. போதாக்குறைக்கு, தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல் பாவியது. பல தலைமுறைக் கால்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். ஒரு தூறல் விழுந்தால் வழுக்கும். மே மாதத்தில் அங்கே மழை பெய்யக்கூடியதுதான்.

அதை ஏறி முடித்த பிறகுதான் உங்கள் மூன்றாம் மாடி ஆரம்பிக்கிறது. அங்கேயும் நம் ஊர் மாதிரி தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்காமல்தான் மாடி எண்ணுவார்கள். அதனால் மூன்றாம் மாடி என்றால் முழுதாக மூன்று மாடி ஏற வேண்டும். பழைய வீடுகளில் கூரை உயரம், மரப்படி குறுகல், திருப்பத்தில் பெட்டியைத் தூக்கித் திருப்ப இடம் இருக்காது. படிக்கட்டு விளக்குக்குப் பெரும்பாலும் நேரக் கட்டுப்பாடு உண்டு. சுவிட்சை அழுத்தினால் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணையும். மூட்டுவலிக்காரர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கும்போது அது அணைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன்: லிஃப்ட் இருக்கிற இல்லம் பெரும்பாலும் அதை விளம்பரத்தில் போடாமல் விடாது. போடவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வாரம். மே மாதத்தில் கோயிம்ப்ரா மாணவர்களின் கெய்மா தாஷ் ஃபீத்தாஷ் திருவிழா வரும். படிப்பை முடிக்கப்போகும் மாணவர்களின் ஆண்டுக் கொண்டாட்டம் அது. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு ஊரே மாணவர்களாகத் தெரியும். வழக்கமாக அதன் தொடக்க இரவில், பழைய கதீட்ரல் படிகளில், நள்ளிரவு வாக்கில் கித்தாரோடு இசை நிகழ்ச்சி நடக்கும். அந்த இசையைக் கேட்கக் கூட்டம் அப்படியே அமைதியாக நிற்கும். அது கேட்க வேண்டிய ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரும் இரவுகள் அப்படி அல்ல. கச்சேரி ஆற்றின் மறுகரையில் நடந்தாலும், விடிகாலையில் பாடிக்கொண்டே மேலே ஏறி வருகிறவர்கள் உங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் வருவார்கள். பழைய வீடுகளில் பல இடங்களில் இன்னும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்தான். அறை வாடகையும் அந்த வாரத்தில் ஏறிவிடும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். முதலில் அதைப் பாருங்கள், உங்கள் தேதியோடு மோதினால், முடிந்தவரை கோயிம்ப்ராவை வேறு நாட்களுக்கு மாற்றுங்கள். திருவிழா இல்லாத வாரத்தில் அதே ஊர் வேறு ஊர் மாதிரி இருக்கும்.

சரி, எங்கே தங்குவது? பைஷாவில். போர்த்தாஜெம் சதுக்கத்துக்கும் சாந்தா குரூஸ் தேவாலயத்துக்கும் இடையில் நீளும் ஃபெரைரா போர்ஜெஸ், விஷ்கோந்தெ த லூஷ் தெருக்களை ஒட்டியும், அவற்றுக்கு மேற்கே ஆறு வரை உள்ள சந்துகளிலும் பழைய பாணி இல்லங்கள் கிடைக்கும். எல்லாம் சமதளம். காபிக் கடை, மருந்துக் கடை, பேருந்து நிறுத்தம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். போர்ச்சுகலின் முதல் அரசர் அஃபோன்சு என்ரிக்கெஷின் கல்லறை அந்த சாந்தா குரூஸ் தேவாலயத்திலேயே இருக்கிறது. அம்மா ஒரு படிகூடப் பெரிதாக ஏறாமல் பார்த்துவிடலாம்.

'பென்சாவ்', 'ரெசிடென்சியால்' என்ற பெயர்ப்பலகைகளைப் பார்த்து மிரள வேண்டாம். அரசு வகைப்பாட்டிலிருந்து அந்தப் பெயர்கள் போய்விட்டாலும் பல குடும்பங்கள் பழைய பெயரை விடாமல் வைத்திருக்கின்றன. இன்றைக்குச் சிறிய தங்குமிடங்கள் பெரும்பாலும் 'அலோஜமென்ட்டு லொக்கால்' என்ற பதிவின்கீழ் வருகின்றன. வாசலில் ஏ.எல். என்ற இரண்டெழுத்துப் பலகை இருக்கும். இணைய விளம்பரத்திலும் அந்த இரண்டெழுத்தில் முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் எண் இல்லை என்றால் நான் பணம் கட்ட மாட்டேன். எந்தத் தங்குமிடமும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். தகராறு முற்றினால் "புகார்ப் புத்தகத்தைக் கொடுங்கள்" என்று கேட்டாலே பாதி விஷயம் முடிந்துவிடும்.

விளம்பரத்தைப் படிக்கும்போது குளியலறையில் கண் வையுங்கள். 'தனிக் குளியலறை' என்று போட்டிருப்பார்கள், ஆனால் அது நடையில் எதிர்ப்பக்கம், பூட்டுச்சாவியோடு, உங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியதாக இருக்கலாம். பொய் இல்லை, ஆனால் இரவில் இரண்டு முறை எழுந்து போகிற வயதானவருக்கு அது பெரிய வித்தியாசம். அறைக்கு உள்ளேயா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெந்நீருக்குச் சில வீடுகளில் எரிவாயு ஹீட்டர், சில வீடுகளில் மின்சாரத் தொட்டி. தொட்டி என்றால் இரண்டு பேர் குளித்ததும் தண்ணீர் ஆறிப்போகும், மூன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும். முதலில் அம்மாவை அனுப்பிவிடுங்கள்.

தெருவைப் பார்த்த அறையா, உள்பக்க அறையா என்றும் கேளுங்கள். உள்பக்க அறையின் ஜன்னல் கட்டடத்துக்கு நடுவில் உள்ள ஒடுங்கிய வெளிச்சக் கூண்டைப் பார்த்திருக்கும். பகலிலும் விளக்கு போட வேண்டியிருக்கும், அடுத்த வீட்டுச் சமையல் வாசனை வரும். ஆனால் தூக்கம் வரும். பகலெல்லாம் வெளியில் சுற்றப்போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

வந்து சேரும் நாளைப் பற்றி. பழைய பயணக் குறிப்புகளில் கோயிம்ப்ரா-பி நிலையத்தில் இறங்கி, குட்டி ரயில் மாறி, ஊர் நடுவில் உள்ள கோயிம்ப்ரா-ஏ நிலையம் போகச் சொல்லியிருக்கும். அந்த நிலையத்தை 2025 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். பி நிலையத்திலிருந்து ஊருக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். மூன்று பேர், பெட்டிகள் என்றால் டாக்சிதான். லிஸ்பனிலிருந்து வேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரயிலில் பாதிக் கட்டணம், வெளிநாட்டவருக்கும்தான். அம்மாவின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், பரிசோதகர் கேட்பார்.

இந்த மாதிரி இல்லங்களில் ராத்திரி முழுக்க ஆள் இருக்க மாட்டார்கள். வரும் நேரத்தை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். முகவரியில் தெருவும் கதவு எண்ணும் மட்டும் போதாது. பல கட்டடங்களில் வாசலில் ஒரு பித்தளைத் தட்டில் வரிசையாக அழைப்புமணிப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் மாடி எண், பக்கத்தில் வலது அல்லது இடது என்பதற்கான சுருக்கெழுத்து இருக்கும். உங்களுடையது எது என்று தெரியாமல் அழுத்தினால் தூங்குகிற யாரோ ஒரு பாட்டி எழுந்து வருவார். வயதான உரிமையாளர்களில் சிலருக்கு ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு நன்றாக வரும். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பிரான்சுக்கு வேலைக்குப் போனவர்கள் அல்லவா.

அரிசி குக்கர் எடுத்துப் போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலான இல்லங்களில் அறையில் சமைக்க அனுமதி இல்லை. அதோடு, அங்கே ஒவ்வொரு வீடும் இவ்வளவு மின்திறன் என்று ஒப்பந்தம் போட்டு வாங்குகிறது. சிக்கனமான வீட்டில் ஹீட்டரும் கெட்டிலும் சேர்ந்து ஓடினாலே மெயின் விழுந்துவிடும். வெந்நீர் கேட்டால் சமையலறையிலிருந்து மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள். உடனடி உப்புமா, அவல் பாக்கெட் இருந்தால் ஒரு வேளை ஓடிவிடும். நெய்ப் பாட்டில், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை எதையும் பெட்டியில் போடாதீர்கள். பால் பொருட்களையும் செடியின் எந்தப் பச்சைப் பகுதியையும் ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்தில் பறிமுதல் செய்யலாம்.

காலை உணவு சேர்த்த வாடகை என்றால் ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஜாம், பால் காபி, பக்கத்தில் பன்றி இறைச்சித் துண்டு. கடைசி ஐட்டத்தைத் தவிர அம்மாவுக்கு எல்லாம் ஆகும். வெளியில்தான் கவனம். கால்து வெர்டெ என்ற கீரைச் சூப்பைப் பார்த்துச் சைவம் என்று நினைப்போம், அதில் ஒரு வட்டம் தொத்திறைச்சி மிதக்கும். காய்கறிச் சூப் என்று தனியாகக் கேட்டு, இறைச்சி, மீன் இரண்டும் இல்லையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இறைச்சி மட்டும் வேண்டாம் என்றால் சிலர் மீனோடு கொண்டுவருவார்கள். ஊரின் பெருமையான இனிப்புகள் பெரும்பாலும் மடங்களில் பிறந்தவை, மஞ்சள்கரு இல்லாதவை அபூர்வம். அம்மாவுக்குப் பழம்தான். முனிசிபல் சந்தை பைஷாவிலிருந்து பக்கம். உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே வரும் ரொட்டி, ஆலிவ் இலவசம் இல்லை. தொடாமல் திருப்பி அனுப்பினால் காசு இல்லை.

அம்மாவை எப்படி மேலே கூட்டிப்போவது? சந்தைப் பக்கம் பொது லிஃப்ட் ஒன்று உண்டு, ஆனால் பழுதாகி நிற்கும் நாட்களும் உண்டு. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். டாக்சியில் நேராகப் பல்கலைக்கழக வாசலுக்குப் போய்விடுங்கள். உச்சி ஓரளவு சமதளம்தான். 18ஆம் நூற்றாண்டின் ஜுவானினா நூலகத்துக்கு நேரம் குறித்த சீட்டு, முன்கூட்டியே வாங்க வேண்டும். உள்ளே படிகள் உண்டு, அதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். புத்தகப் பூச்சிகளைத் தின்ன அங்கே வௌவால்கள் குடியிருக்கின்றன. அவற்றின் எச்சம் படாமல் இரவில் மேசைகளுக்குத் தோல் விரிப்பு போட்டு மூடுகிறார்கள். பக்கத்தில் உள்ள புதிய கதீட்ரல், முன்பு இயேசு சபைக் கல்லூரியின் கோயில். 16ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்து தமிழ் கற்று, தமிழில் அச்சுப் புத்தகம் போட்ட என்ரிக்கெ என்ரிக்கெஸ் பாதிரியார் இயேசு சபையில் சேர்ந்தது இந்தக் கோயிம்ப்ராவில்தான். பார்த்து முடித்ததும் மறுபடி டாக்சியிலேயே இறங்குங்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம் மோசம்.

பாஸ்போர்ட் விஷயம். வெளிநாட்டு விருந்தினரின் விவரத்தை அரசுக்குப் பதிவு செய்ய வேண்டியது தங்குமிடத்தின் கடமை. அதற்காகப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பிடித்து வைத்துக்கொள்ளத் தேவை இல்லை, காத்திருந்து கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பதிவால் உங்களுக்கும் ஒரு லாபம். வேறு ஷெங்கன் நாடு (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) வழியாக உள்ளே வருகிறவர்கள் மூன்று வேலை நாளுக்குள் தாங்களாகப் போய் வருகையைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பதிவு பெற்ற தங்குமிடத்தில் தங்கினால் அந்த அலைச்சல் மிச்சம்.

பணம் கொஞ்சம் ரொக்கமாக இருக்கட்டும். சில சிறிய இடங்களில் மல்ட்டிபாங்கு என்ற உள்நாட்டு அட்டை மட்டும் எடுக்கும் கருவி இருக்கும், நம் அட்டை வேலை செய்யாது. நகர வரியைத் தனியாகக் கேட்டால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். லிஸ்பனில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, இங்கே அதைவிடக் குறைவு.

இப்போது செய்ய வேண்டிய வேலை: கீழே பைஷாவில் முதல் மாடியிலோ லிஃப்டோடோ ஓர் அறையை, மூன்று பேர் பெயரும் முழு முகவரியும் உறுதிச்சீட்டில் வருமாறு முதலில் பதிவு செய்யுங்கள். அது கையில் வந்த பிறகு பழையதை ரத்து செய்யுங்கள், ரத்துக்கான கடைசித் தேதியைப் பார்த்துக்கொண்டு. விசா விண்ணப்பம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் புதிய சீட்டையே வையுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் புதிய சீட்டின் பிரதியைப் பயணப் பையில் எடுத்து வையுங்கள், எல்லையில் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.