சேஃப்டி படிப்பு: முன்பணம் கட்டுவதற்கு முன் லேபைப் பாருங்கள்

வணக்கம் அண்ணே. உங்கள் கடிதம் கிடைத்தது. தம்பி ப்ளஸ் டூ முடித்துவிட்டு, ஆலைகளில் விபத்து நடக்காமல் தடுக்கும் தொழிற்பாதுகாப்புதான் படிப்பேன் என்று நிற்கிறான். ஏஜென்ட் ஒருவர் வீடு தேடி வந்து, இந்த வாரத்துக்குள் ஐம்பதாயிரம் கட்டினால் சீட் உறுதி, ஒரே வருஷத்தில் கல்ஃப் வேலை என்கிறார். கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாதீர்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, பனியில் அதற்குக் காவல் படுத்துக் கிடந்து வாங்கிய காசு அது. பொறியியல் கலந்தாய்வு முடியும்வரை பத்திரமாக இருக்கட்டும்.

தம்பியின் ஆசையில் தவறே இல்லை. வயல்காட்டுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று உறவுக்காரர்கள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை, அரியலூரில் சிமென்ட் ஆலைகள், கொள்ளிடம் தாண்டினால் நெய்வேலி, கீழே காரைக்கால் துறைமுகம் என்று நம்மைச் சுற்றி இந்த வேலைக்கு இடம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி 1,000 தொழிலாளர் இருந்தால்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்பது பொது விதியாக இருந்தது. 2020-இல் வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 500 ஆகக் குறைத்துவிட்டது. அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைக்கு 250. கட்டுமான வேலைக்கும் 250. தேவை கூடத்தான் செய்யும்.

ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதையும் விதிகள் சொல்கின்றன. பொதுவாக மூன்று விஷயம் பார்க்கிறார்கள். ஒன்று, பொறியியல் பட்டமும் தொழிற்சாலையில் மேற்பார்வைப் பணி செய்த அனுபவமும். இரண்டு, அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்புப் பட்டமோ பட்டயமோ. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: அங்கே பெரும்பாலான தொழிலாளர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும். 'கிட்ட போகாதே' என்று புரிகிற மாதிரி சொல்லத் தெரியாதவர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்து என்ன பயன்?

ஏஜென்ட் காட்டும் ஒரு வருஷச் சான்றிதழை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். பட்டமும் இல்லை, அனுபவமும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு அதைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை, பெரும்பாலும் கேட்டில் ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் வேலையோடு நின்றுவிடுகிறான். நெபோஷ் என்று ஒரு பெயரும் சொல்லியிருப்பாரே? பிரிட்டன் சான்றிதழ் அது. வளைகுடாவில் மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே சட்டம் கேட்கிற தகுதிக்கு அது மாற்று ஆகாது. சிங்கப்பூருக்கும் குறுக்கு வழி கிடையாது. அங்கே பாதுகாப்பு அலுவலராக இருக்க அவர்களுடைய மனிதவள அமைச்சகத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

சரி, எந்த வழியில் போகலாம்? நான் தம்பிக்குச் சொல்வது மெக்கானிக்கல் அல்லது கெமிக்கல் பி.இ. அதை முடித்து, இரண்டு வருஷம் ஆலையில் வேலை பார்த்து, பிறகு சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் ஏ.டி.ஐ.எஸ் என்கிற ஓராண்டு தொழிற்பாதுகாப்பு மேல்பட்டயம் படிக்கலாம். மத்திய அரசு நிறுவனம் அது. அந்தப் பட்டயத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மேலே படிக்க ஆசை இருந்தால் கேட் நுழைவுத் தேர்வு எழுதட்டும், துவாக்குடி என்.ஐ.டி.யிலேயே தொழிற்பாதுகாப்புப் பொறியியலில் எம்.டெக் இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம்தான். இல்லை, முதல் பட்டமே பாதுகாப்பில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் கொச்சி பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் தீயணைப்புப் பொறியியல் பி.டெக் நடக்கிறது; அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. தமிழ்நாட்டிலும் சில தனியார் கல்லூரிகள் இதே பெயரில் பி.இ. நடத்துகின்றன.

அப்படி ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனால், கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இந்தப் பாடப்பிரிவுக்கு இந்த வருஷம் ஏ.ஐ.சி.டி.இ என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலும் பல்கலைக்கழக இணைவும் உண்டா என்று கேளுங்கள். தர அங்கீகாரமும் இரண்டு வகை: நாக் தரம் கல்லூரிக்குக் கொடுப்பது; என்.பி.ஏ பாடப்பிரிவுக்குக் கொடுப்பது. வாசலில் பெரிய எழுத்தில் ஒன்றை எழுதிவைத்து இன்னொன்றை மறைக்கிற இடங்கள் உண்டு.

அப்புறம் லேபைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாணவியோடு நான் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். கண்ணாடி அலமாரியில் வாயு அளக்கும் கருவி ஒன்று, மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல் இருந்தது. போட்டுக் காட்டுங்கள் சார் என்றேன். சாவி தேட இருபது நிமிஷம். பட்டனை அழுத்தினால் திரை எழும்பவே இல்லை. நல்ல நிலையில் இருந்தால் சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் என்று காட்டும், 19.5-க்குக் கீழே இறங்கினால் அலறும். தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் சேர்ந்து போய்விட்டார் என்று பேப்பரில் படிக்கிறோமே, அதைத் தடுக்கும் முதல் கருவியே இதுதான். நம்மூர் அரிசி ஆலைத் தொட்டிக்கும் இது பொருந்தும். நான்கு வருஷமும் இதைக் கையில் பிடிக்காமல் ஒரு பிள்ளை பட்டம் வாங்கிவிட்டு, நாளைக்கு ஒரு தொழிலாளியைப் பார்த்து 'இறங்கலாம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. அந்தப் பெண்ணை அங்கே சேர்க்க வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

மூச்சுக் கருவி சிலிண்டரில் காற்று இருக்கிறதா, அதைக் கடைசியாக எப்போது மாட்டிப் பார்த்தீர்கள் என்று மூன்றாம் வருஷ மாணவனிடம் தனியாகக் கேளுங்கள். பாடம் எடுப்பவர்களில் ஆலையில் வேலை பார்த்தவர் எத்தனை பேர், பயிற்சிக்கு எந்த ஆலைக்கு, எத்தனை நாள் அனுப்புகிறார்கள் என்பதையும் அவனே சொல்லிவிடுவான். வேலைவாய்ப்பு நூறு சதவீதம் என்றால், போன வருஷம் முடித்தவர் இரண்டு பேருடைய போன் நம்பர் வாங்கி, என்ன பதவியில் சேர்ந்தார்கள் என்று விசாரியுங்கள்.

வியாழக்கிழமை தஞ்சாவூர் வரும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மார்க் ஷீட் நகல், ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸ் இரண்டும் வேண்டும். கட்ஆஃப் கணக்குப் போட்டு, எந்தெந்தக் கல்லூரிக்கு நேரில் போய்ப் பார்ப்பது என்று அங்கேயே எழுதிவிடலாம். அதற்குள் ஏஜென்ட் மறுபடி வந்தால், கலந்தாய்வு முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.