குடிநீர் வாரிய வேலைக்காக மகனின் பயிற்சியை நிறுத்தலாமா?

ஐயா, வணக்கம்.

குடிநீர் வாரியத்தில் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் பணியிடங்களைக் கூட்டப்போவதாகவும் சிலவற்றைத் தரம் உயர்த்தப்போவதாகவும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ஃபிட்டர் படித்த மகனைத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சியிலிருந்து நிறுத்தி, தேர்வுப் பயிற்சி மையத்தில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

பணியிடத்தைக் கூட்டுவதும் தரம் உயர்த்துவதும் ஒன்றல்ல. கூட்டினால் புதிய இடம் உருவாகும். தரம் உயர்த்தினால், ஏற்கெனவே உள்ள இடத்தின் பெயரும் ஊதிய நிலையும் கல்வித் தகுதியும் மாறும். பலன் பெரும்பாலும் உள்ளே இருப்பவருக்குத்தான். உதவியாளர் என்ற பெயரிலேயே ஆண்டுக்கணக்காகப் பம்பைக் கழற்றி மாட்டுகிறவருக்கு அது கிடைப்பதில் தவறும் இல்லை. அரசாணை வெளிவந்தால் மொத்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், நேரடி நியமனத்துக்கு எத்தனை, பதவி உயர்வுக்கு எத்தனை என்று பாருங்கள். உங்கள் மகனுக்கு உரியது முதல் எண் மட்டுமே.

வாரியம் தீர்மானம் போட்ட கையோடு வேலைக்கு ஆள் எடுத்துவிட மாட்டார்கள். அரசின் ஒப்புதல், பணி விதித் திருத்தம், காலியிட அறிவிப்பு என்று அது நகர நாளாகும். 2022-இல் இயற்றப்பட்ட சட்டப்படி அரசு வாரியங்களுக்கான ஆள்தேர்வு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்திடம் இருக்கிறது. ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களுக்கு ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வை அது நடத்துகிறது. அதில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற மதிப்பெண்கள் கணக்கில் வராது. தொழிலில் கெட்டிக்காரப் பையன்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் தமிழுக்கும் கணக்குக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள், இப்போதைக்கு அது போதும்.

பயிற்சியை விடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் வேலையின் தன்மை. சென்னையில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் தொடங்கியது. நெம்மேலியில் 2013-இல் ஒன்றும் 2024-இல் இன்னொன்றுமாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்துவிட்டன. அங்கே கடல்நீர் மிக அதிக அழுத்தத்தில், உப்பைப் பிரிக்கும் சவ்வுகளுக்குள் செலுத்தப்படுகிறது. வால்வைத் திருகத் தெரிந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. பழைய பம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்பின் சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் கிளாண்டில் நீர் சொட்டுவதைப் பார்த்ததும் புதியவர் ஸ்பானரால் இறுக்கிவிடுவார். ஒழுகல் நிற்கும்; கொஞ்ச நேரத்தில் உள்ளே அடைத்திருக்கும் கயிறு போன்ற பாக்கிங் கருகி, தண்டின் மேலுறையான ஷாஃப்ட் ஸ்லீவில் கோடு விழும். பாக்கிங்கைக் குளிர்விப்பதே அந்தச் சொட்டுதான். எவ்வளவு சொட்ட விடுவது என்பதைக் கை பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி மையத்து வினா-விடைப் புத்தகத்தில் அது வராது.

ஆகவே பயிற்சிக் காலம் முடியட்டும். இறுதித் தேர்வு எழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழை வாங்கட்டும். பயிற்சி தந்த நிறுவனமே வேலையும் தரவேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அந்த நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள். ஃபிட்டர் இரண்டு ஆண்டுப் படிப்பு என்பதால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் திறந்திருக்கிறது. என்னைக் கேட்டால், வாரிய அறிவிப்புக்காக வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கடல்நீர் ஆலைகளை ஒப்பந்த அடிப்படையில் தனியார் நிறுவனங்கள் இயக்குகின்றன. அங்கே வேலை கிடைத்தால் "அரசு வேலை இல்லையே" என்று தட்டிக்கழிக்க வேண்டாம். வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, சம்பளச் சீட்டு தருகிறார்களா, அனுபவச் சான்றிதழ் உண்டா என்று மட்டும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தேர்வாணையத்தின் இணையதளத்தில் மகன் பெயரில் ஒருமுறைப் பதிவைச் செய்துவையுங்கள். அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க அதுதான் தேவை.