சேலஞ்சர் 5.7: குளிரில் மட்டும் வரும் டிக் டிக் சத்தம்

ரஷ்யாவின் எகாடெரின்பர்க்கில் மைனஸ் 25 டிகிரியில் உங்கள் டாட்ஜ் சேலஞ்சர் காரை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். அதன் ஹெமி 5.7 லிட்டர் இன்ஜினில் இது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) பின்கோடி போல்ட் உடைந்ததால்தான். அந்த இடைவெளியில் புகை கசிவதுதான் சத்தம், சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளி மூடிக்கொள்கிறது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் அது மாட்டியிருக்கும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் போல்ட் இழுபட்டு ஒடிகிறது. டார்ச் அடித்துப் பாருங்கள்: போல்ட் தலை இருக்காது, பக்கத்தில் கரி படிந்திருக்கும்.

உள்ளே நிற்கும் துண்டுக்கு எக்ஸ்ட்ராக்டர் (உடைந்த போல்ட்டில் துளையிட்டுத் திருகி எடுக்கும் கருவி) போட மெக்கானிக்கை விடாதீர்கள். அது உள்ளேயே முறிந்தால் ஹெட்டை இறக்க வேண்டிவரும். முனையில் நட் வைத்து வெல்டிங் அடித்து, முன்னும் பின்னுமாக மெதுவாகத் திருகி எடுக்கட்டும். மேனிஃபோல்ட் வளைந்திருந்தால் ஹெட்டோடு சேரும் முகத்தைச் சமப்படுத்தாமல் மாட்டக்கூடாது, புது போல்ட்டும் ஒடியும். கேஸ்கட்டும் (இடையில் வரும் கசிவுத் தடுப்புத் தகடு) அந்தப் பக்க போல்ட் எல்லாமும் புதிதாகப் போட்டு, 25 நியூட்டன் மீட்டரில் முறுக்குங்கள். ஜீப் கிராண்ட் செரோக்கி 5.7-க்கு விற்கும் போல்ட்டைத் தேடுங்கள், ரஷ்யாவில் அது கிடைப்பது எளிதாக இருக்கலாம்.

சூடான பின்பும் சத்தம் தொடர்ந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். வால்வைத் தூக்கும் லிஃப்டரின் ரோலர், அதை இயக்கும் கேம் ஷாஃப்டை அரித்துக்கொண்டிருக்கலாம்.