நாப்பாவுக்கு முதல் பயணம்: ஒரு நாளைக்கு மூன்று போதும்

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் ஒரு சனி, ஞாயிறு கலிஃபோர்னியாவின் ஒயின் பள்ளத்தாக்கான நாப்பா போகிறோம். எல்லோருக்கும் இதுதான் முதல் தடவை. ஒரு நாளைக்கு ஆறு வைனரி (ஒயின் தயாரிக்கும் இடம்) என்று பட்டியல் போட்டிருக்கிறோம். சரிப்படுமா?

பதில்: சரிப்படாது, பாதியாகக் குறையுங்கள். ஒரு டேஸ்டிங்கில், அதாவது சுவைத்துப் பார்க்கும் அமர்வில், நாலைந்து ஒயின் ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் 30 முதல் 60 மில்லி. சராசரி 45 என்று வைத்தால் ஐந்துக்கு 225 மில்லி. மூன்று இடத்தில் ஊற்றியதை முழுக்கக் குடித்தாலே ஆளுக்கு 675 மில்லி, கிட்டத்தட்ட ஒரு பாட்டில். ஆறு இடம் என்றால் இரண்டு பாட்டிலை நெருங்கிவிடும். நாப்பாவின் கேபர்னே சாவிஞான் என்ற சிவப்பு ஒயினில் ஆல்கஹால் 14, 15 சதவீதம் இருப்பது சகஜம். கோப்பையின் அடியில் கொஞ்சம்தானே கிடக்கிறது என்று தோன்றுவதுதான் ஆபத்து. நாலாவது இடத்துக்குப் போகும்போது நாக்கும் மூக்கும் ஓய்ந்துவிடும், நல்ல ஒயின் ஊற்றினாலும் தெரியாது.

நேரமும் இடம் தராது. உட்கார்ந்து சுவைக்கும் டேஸ்டிங் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஓடும். பெரும்பாலான இடங்கள் காலை 10 மணிவாக்கில் திறந்து மாலை 5 மணிவாக்கில் மூடிவிடும். 10:30-க்கு ஒன்று, 12:15-க்கு வயிறு நிறையச் சாப்பாடு, 2 மணிக்கு ஒன்று, 3:45-க்குக் கடைசி. இதற்கு மேல் எதையும் நுழைக்காதீர்கள்.

மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். பள்ளத்தாக்கின் மேற்கே 29-ஆம் எண் நெடுஞ்சாலை, கிழக்கே சில்வராடோ டிரெயில், நடுவே குறுக்குச் சாலைகள். யவுன்ட்வில், ஓக்வில், ரூதர்ஃபோர்டு அடுத்தடுத்த ஊர்கள். சனிக்கிழமைக்கு அது தாராளம். தெற்கே நாப்பா நகரில் ஒன்று, வடகோடியில் கலிஸ்டோகாவில் ஒன்று, மறுபடி தெற்கே ஒன்று என்று போட்டால் வழியில் உள்ள செயின்ட் ஹெலினா ஊரின் நெரிசலிலேயே பிற்பகல் போய்விடும். ஞாயிறன்று பக்கத்து ஒயின் பகுதியான சோனோமாவின் நகரச் சதுக்கத்துக்குப் போங்கள். டேஸ்டிங் அறைகள் சதுக்கத்தைச் சுற்றியே இருப்பதால் காரைத் தொடாமல் நடந்தே சுற்றலாம்.

கேள்வி: முன்பதிவு கட்டாயமா?

பதில்: நாப்பாவில் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1990-இல் நாப்பா கவுண்டி கொண்டுவந்த விதிப்படி, அதன் பிறகு அனுமதி பெற்ற வைனரிகள் முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் டேஸ்டிங் தர முடியும். ஆறு பேருக்கு மேல் போனால் பல இடங்களில் தனி ஏற்பாடு, தனிக் கட்டணம் என்றாகிவிடும். அதனால் ஏழாவது ஆளைக் கடைசி நேரத்தில் சேர்க்காதீர்கள். கட்டணம் தலைக்கு 40 டாலர் அளவில் தொடங்கி 100-ஐத் தாண்டுவதும் உண்டு; சோனோமாவில் பொதுவாகக் குறைவு. பாட்டில் வாங்கினால் கட்டணத்தைக் கழிப்பார்களா, எத்தனை மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம், இரண்டையும் பதிவின்போதே கேட்டுவிடுங்கள். 21 வயது நிரம்பியதற்கான அடையாள அட்டை ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். ஒயின் கிளப்பில் சேரச் சொல்லி அன்பாகக் கேட்பார்கள். அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து யோசியுங்கள். சேர்ந்தால் வருடத்துக்குப் பல முறை பெட்டி வரும், கார்டில் பணம் போகும்.

கேள்வி: ஒருவர் கொஞ்சமாகக் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் போதாதா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரே டேஸ்டிங்கில் உள்ளே போவது உணவகத்தில் தரும் ஒன்றரைக் கோப்பைக்குச் சமம். அடுத்த டேஸ்டிங்குக்குள் உடல் அதை முழுதாக வெளியேற்றாது. ரத்தத்தில் 0.08 சதவீதம் ஆல்கஹால் என்பது வண்டி ஓட்டுவோருக்குக் கலிஃபோர்னியாவின் வரம்பு. அதைத் தொடாமலே நிதானம் தவறலாம். குடிக்கவே குடிக்காத ஒருவர் ஓட்டட்டும், இல்லாவிட்டால் ஓட்டுநரோடு வேன் எடுத்து ஆறு பேரும் செலவைப் பகிருங்கள். மூடி திறந்த பாட்டிலைப் பயணிகள் அமரும் பகுதியில் வைப்பதும் குற்றம். மிச்சத்தை டிக்கியில் வையுங்கள்.

கேள்வி: ஒயினை விழுங்காமல் சுவைத்துவிட்டுத் துப்பினால் ஊற்றுபவர் தப்பாக நினைக்க மாட்டாரா?

பதில்: மாட்டார். அதற்காகத்தான் மேசைமேல் சின்ன வாளியோ குடுவையோ வைத்திருக்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். கோப்பையின் தண்டைப் பிடித்து மெல்லச் சுழற்றி முகருங்கள். ஒரு தேக்கரண்டி அளவு உறிஞ்சி, நாக்கின் ஓரத்திலும் ஈறிலும் படும்படி ஐந்து நொடி உருட்டுங்கள். புளிப்பு இருந்தால் வாயில் நீர் சுரக்கும். துவர்ப்பு இருந்தால் ஈறு வறண்டு இழுக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிந்தாலே முதல் பயணத்துக்குப் போதும். பிறகு உதட்டைக் குவித்து வாளிக்கு அருகே குனிந்து துப்புங்கள். கோப்பையில் மீந்ததையும் அதிலேயே கொட்டலாம். முந்தைய நாள் குளிக்கும்போது தண்ணீரை வைத்துப் பழகினால் சட்டை தப்பிக்கும்.

சென்ட், தலையில் மல்லிகைப்பூ இரண்டும் அன்று வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கும் ஒயினின் மணம் தெரியாமல் போகும். மதியம் காரத்தைக் குறையுங்கள். எரிகிற நாக்கில் சிவப்பு ஒயின் கசப்பாகவும் காட்டமாகவும்தான் படும். வீட்டிலிருந்து எடுத்துப்போகும் தயிர்சாதத்தை எல்லா வைனரியிலும் பிரிக்க விட மாட்டார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒயின் சுத்த சைவம்தானே?

பதில்: எல்லாம் அல்ல. தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் இவற்றில் ஏதாவது சேர்ப்பது உண்டு. பெரும்பகுதி வண்டலோடு நீங்கிவிடும் என்றாலும் மனம் ஒப்பாதவர்கள் ‘எதைக்கொண்டு தெளிய வைத்தீர்கள்?’ என்று நேராகக் கேட்கலாம். பென்டோனைட் என்றால் அது களிமண். தெளிய வைக்காமலே அடைத்தவையும் கிடைக்கும்.

கேள்வி: வாங்கிய பாட்டில்களை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஓரத்தில் கசியும், பழவாசனை வெந்த ஜாம்போல ஆகிவிடும். தெர்மாகோல் பெட்டி ஒன்றை எடுத்துப்போங்கள்; திறக்காத பாட்டில்கள் ஏசி ஓடும் உட்பகுதியிலேயே வரலாம். முடிந்தவரை அன்றைய கடைசி இடத்தில் வாங்குங்கள்.

விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். 12 பாட்டில் அட்டைப்பெட்டி ஏறக்குறைய 16 முதல் 18 கிலோ, 23 கிலோ வரம்புக்குள் அடங்கும். இந்தியாவுக்கு என்றால் சுங்க வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் மட்டுமே: 750 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவதுக்கு வரி கட்ட வேண்டிவரும்.